உலகத் தொகுப்பிலிருந்து ரெக்கார்டை இறக்கிக்கொண்டால் போதாதா? – பட்டியல் பிரிவின் வேலை பற்றி

ஜூன் 2, காலை – கேள்வி கேட்டவர்

எங்கோ ஒரு நூலகம் ஏற்கெனவே பட்டியலிட்ட புத்தகத்தை நாம் ஏன் மறுபடி பட்டியலிட வேண்டும்? புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தட்டினால், உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டிலிருந்தோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்தோ அந்த நூலின் விவரப் பதிவான ரெக்கார்டு வந்துவிடுகிறது. இதழ்கள் பெரிய பதிப்பகங்களின் தளங்களில் இருக்கின்றன. மென்பொருள் வேறொரு நாட்டு சர்வரில் ஓடுகிறது. உலகமே ஒரே நூலகம் போல ஆனபின் பட்டியல் பிரிவில் ஆள் வைப்பது வீண் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் விவரத்தோடு மறுக்க வேண்டும். சேவை மனப்பான்மை, அறிவுப் பணி என்ற பொதுப்பேச்சு வேண்டாம்.

ஜூன் 2, மாலை – கேட்டலாக் மேசை

ரெக்கார்டு வருகிறது, அதை மறுக்கவில்லை. வந்தது கையில் இருக்கும் புத்தகத்தின் ரெக்கார்டுதானா என்று பார்ப்பதுதான் வேலை.

இசட்39.50 என்ற நூலகத் தேடல் நெறிமுறை வழியாக ஒரு எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் வரும். ரெக்கார்டு மார்க் என்ற கணினி வடிவில் இருக்கும்; ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு ஃபீல்டு, அதன் உட்பிரிவு சப்ஃபீல்டு. நான்கு இடங்களைப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள்: 245-இல் தலைப்பும் ஆசிரியர் விவரமும், 250-இல் பதிப்பு, 264-இல் (பழைய ரெக்கார்டில் 260) வெளியீட்டாளரும் ஆண்டும், 300-இல் பக்க எண்ணிக்கை. ஐஎஸ்பிஎன் மட்டும் ஒத்துப்போனால் போதாது. பழைய எண்ணையே திருத்திய பதிப்பிலும் அச்சிடும் பதிப்பகங்கள் உண்டு. பல தொகுதி நூலில் முழுத் தொகுப்பின் எண்ணும் தனித் தொகுதியின் எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்நூல் மூன்றின் எண்களையும் ஒரே ரெக்கார்டின் 020-இல் அடுக்கியிருப்பார்கள்.

அடுத்து ரெக்கார்டின் தலைப்பகுதியான லீடரின் 17-ஆம் இடம். அங்கே 8 இருந்தால் புத்தகம் அச்சாவதற்கு முன்பே எழுதிய ரெக்கார்டு அது. பக்க எண்ணிக்கை இருக்காது, தலைப்பே பின்னால் மாறியிருக்கலாம். இடம் காலியாக இருந்தால் முழு ரெக்கார்டு.

பிறகு 040, சப்ஃபீல்டு பி. பட்டியலிட்டவரின் மொழி அங்கே இருக்கும். ஜெர்மன் என்றிருந்தால் குறிப்புகளும் பொருள் தலைப்புகளும் ஜெர்மனில் வரும். வேர்ல்டுகேட்டில் ஒரே புத்தகத்துக்குப் பட்டியல் மொழிவாரியாகத் தனித்தனி ரெக்கார்டுகள் இருப்பதன் காரணம் இதுதான். அவற்றை டூப்ளிகேட் என்று நினைத்து ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஏற்றும்போது நேரும் பெரிய விபத்து ஓவர்லே. புதிய ரெக்கார்டு பழையதன் மேல் உட்காரும்போது 590-இல் நீங்கள் எழுதிய உள்ளூர்க் குறிப்பு, 9-இல் தொடங்கும் ஃபீல்டுகள், நன்கொடையாளர் விவரம் எல்லாம் அழியும். எந்த ஃபீல்டைத் தொடக்கூடாது என்ற பட்டியலை முதலில் அமைத்துவிட்டு, 20 ரெக்கார்டை மட்டும் சோதனைக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஆயிரத்தைத் தொட வேண்டும்.

ஜூன் 2, இரவு – கேள்வி கேட்டவர்

சரி. 2007-க்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்க ஐஎஸ்பிஎன். முன்னால் 978 சேர்த்தால் 13 ஆகிவிடுகிறதே, அதையும் நிரலே செய்யும்.

ஜூன் 3 – கேட்டலாக் மேசை

ஆகாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இரண்டு முறையிலும் அதன் கணக்கு வேறு. 0-306-40615-2 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 2-ஐ நீக்கி முன்னால் 978 சேர்த்தால் 978030640615. இலக்கங்களை மாறிமாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த பத்தின் மடங்கான 100-க்கு 7 குறைவு. எனவே சரியான எண் 978-0-306-40615-7. வெறுமனே 978-ஐ ஒட்டி 2-ஐ விட்டுவைத்தால் எந்தத் தேடலிலும் சிக்காது.

979-இல் தொடங்கும் எண்ணுக்கு 10 இலக்க வடிவமே கிடையாது. பழைய மென்பொருள் அதைச் சுருக்க முயன்று வேறொரு புத்தகத்தின் எண்ணை உருவாக்கிவிடும். 979-0 என்றால் அது புத்தகமே அல்ல, இசைக் குறிப்புத்தாளுக்கான எண்.

ஜூன் 4 – குறியாக்கம்

நீங்கள் இருவரும் ஆங்கிலப் புத்தகத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு ரெக்கார்டு இறக்கிப் பார்த்தால் சிக்கல் வேறு மாதிரி. உலகத் தரம் என்று சொல்லப்படுவது எந்த எழுத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த எழுத்துக்குத்தான் இலகுவாக வேலை செய்கிறது.

மார்க் வடிவம் 1960-களில் உருவானது. அதன் பழைய எழுத்துத் தொகுதியான மார்க்-8-இல் அரபு, சிரிலிக், ஹீப்ரு, கிரேக்கம், சீன-ஜப்பானிய-கொரிய எழுத்துகள் இருந்தன. தமிழ் இல்லை. யூனிகோடு வந்த பிறகுதான் தமிழ் எழுத்து ரெக்கார்டுக்குள் நுழைந்தது. ஆகவே லீடரின் 09-ஆம் இடத்தில் யூனிகோடு என்பதற்கான ஆங்கில 'ஏ' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாக இருந்தால் ஏற்றும் மென்பொருள் உள்ளே இருப்பதை மார்க்-8 என்று எடுத்துக்கொண்டு தமிழைக் குப்பைக் குறிகளாக்கிவிடும். அந்த ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். திருத்தாமல் ஏற்றிச் சேமித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

அடுத்தது நீளம். லீடரின் முதல் 5 இடங்கள் ரெக்கார்டின் மொத்த நீளம். ஆக உச்சம் 99,999 பைட். ஃபீல்டுகளின் உள்பட்டியலான டைரக்டரியில் ஒரு ஃபீல்டின் நீளத்துக்கு 4 இடம். உச்சம் 9,999 பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (யூனிகோடு தனி எண் தரும் எழுத்து அல்லது குறி) 3 பைட். 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீட்டுப் புள்ளிகள், ஆக 15 பைட். ஆங்கிலத்தில் 9,000 எழுத்துக்கு மேல் எழுத இடம் தரும் 520-ஆம் ஃபீல்டின் சுருக்கக் குறிப்பு தமிழில் 3,300 குறியீட்டுப் புள்ளிகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் சில நிரல்கள் கத்தரிக்கும். சில நிரல்கள் நீளத்தைத் தவறாக எழுதும். அப்போது அந்த ரெக்கார்டோடு அதற்குப் பின்னால் வரும் ரெக்கார்டுகளும் சரிந்துவிடும். பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணும் நிரல் எழுதினாலும் இதே கதிதான். தமிழ் ரெக்கார்டுகளை மார்க்எக்ஸ்எம்எல் வடிவில் பரிமாறுங்கள். அதில் இந்த நீளக் கட்டுப்பாடு இல்லை.

மூன்றாவது, ஒரே சொல்லுக்குப் பல குறிமுறை. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு + கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இதை என்எஃப்சி என்ற இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும், ஆகவே ஏற்றும்போதே ஓட்டிவிடுங்கள். ஆனால் ஔகாரத்தை 'ஒ' + 'ள' என்று தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் திருத்தாது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ர் என்ற எழுத்தைக் கால் + புள்ளியாகத் தட்டியிருப்பதும் அடிக்கடி கண்ணில் படும். இவற்றைத் தேடிப் பிடிக்கத் தனி விதி எழுத வேண்டும்: சொல்லில் காலுக்கு அடுத்துப் புள்ளி வந்தால் தவறு, 'ஒ'வுக்கு அடுத்துச் சொல் முதலில் 'ள' வந்தால் ஆள் பார்க்க வேண்டும். 'ஒளி' என்பது சரியான சொல். நிரலை நம்பி மாற்றிவிட்டால் 'ஔி' என்ற உருவமற்ற ஒன்று வரும்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து – குறியாக்கம்

வரிசையை விட்டுவிட்டேன். குறியீட்டுப் புள்ளியின் எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ல-வுக்கு முன்பும், வ என்பது ழ-வுக்குப் பிறகும் வரும். 'கனவு' கப்பலுக்கு முன்னால் போய் நிற்கும். 'களம்' கவிதைக்கு முன்னால் வரும். மெய் உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்ற அகராதி முறையும் தலைகீழாகி 'பகல்' முந்திக்கொள்ளும், 'பக்கம்' பிந்தும். நெடுங்கணக்குப்படி தேடும் வாசகர் புத்தகம் இல்லை என்று திரும்பிவிடுவார். ஐசியு என்ற யூனிகோடு நிரல் தொகுப்பின் தமிழ் வரிசை விதியை இன்டெக்ஸில் இயக்கினால் இது தீரும். தமிழ் எழுத்துக்கே உரிய விதி அதில் இருக்கிறது. இயக்கத்தான் ஆள் வேண்டும்.

ஜூன் 5 – கேட்டலாக் மேசை

குறியாக்கம் நண்பர் சொன்னதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. அமெரிக்க நூலகங்களுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் பெரிய அளவில் போகத் தொடங்கியது 1962-இல், பிஎல்-480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் காங்கிரஸ் நூலகம் நடத்திய கொள்முதல் திட்டத்தால். அவற்றுக்கு அங்கே எழுதிய ரெக்கார்டுகள் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில்தான் உள்ளன. இன்றைக்கு நாம் இறக்கும் தமிழ் ரெக்கார்டுகளில் நிறையவும் அந்த வழி வந்தவை.

அந்த எழுத்துப்பெயர்ப்பு கட்டுக்கோப்பானது. ழ-வுக்கு எல் எழுத்தின் கீழ்க் கோடு, ள-வுக்கு எல் எழுத்தின் கீழ்ப் புள்ளி, ற-வுக்கும் ன-வுக்கும் கீழ்க் கோடு, நெடில் ஏ, ஓ-வுக்கு மேல் கோடு. தமிழ் தெரிந்த வாசகர் எவரும் அப்படித் தட்டித் தேடுவதில்லை. ஆகவே தமிழ் வடிவம் கட்டாயம் சேர வேண்டும். இரண்டு வழி: ரோமன் வடிவம் 245-இலும் தமிழ் வடிவம் 880-இலும் இருக்க, சப்ஃபீல்டு 6 இரண்டையும் இணைப்பது ஒன்று (245-இல் 880-01, 880-இல் 245-01). தமிழையே நேராக 245-இல் எழுதுவது இன்னொன்று. முதல் வழியில் போனால் 880 தேடல் இன்டெக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் திரையில் தெரியும், தேடினால் கிடைக்காது. இணைப்பு எண் ஒன்று தவறினால் ஒரு நூலின் தலைப்புக்கு வேறொரு ஃபீல்டின் தமிழ் வந்து உட்காரும்.

பெயர் விஷயம் இன்னும் முக்கியம். இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் என்பது சீர்காழி, ஊர். ஆர் என்பது தந்தை பெயர். ரங்கநாதன்தான் அவர் பெயர். குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. உலகப் பதிப்பகங்களின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்கிறது. அவர் பெயர் கடைசியில் இருப்பதால் தப்பித்தது. தலைப்பு 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று சரியாக அமைந்துவிட்டது. தன் பெயரை முதலிலும் தந்தை பெயரைப் பின்னாலும் எழுதும் இன்றைய ஆசிரியருக்கு அந்தப் படிவம் தந்தை பெயரைத் தலைப்பாக்கிவிடும். ஒரே ஆசிரியர் மூன்று தலைப்பில் சிதறுவார். ஒரே தந்தை பெயர் கொண்ட இரண்டு ஆசிரியர்கள் ஒருவராகிவிடுவார்கள். இதைப் பிரிப்பதற்கு நிரல் இல்லை. புத்தகத்தின் பின்னட்டையைப் படித்து, முந்தைய நூல்களைப் பார்த்து, 670-இல் ஆதாரம் எழுதி, பெயரின் ஒரே வடிவத்தை நிலைநிறுத்தும் அதாரிட்டி ரெக்கார்டு போட வேண்டியது ஆள்தான்.

ஜூன் 5 – கேள்வி கேட்டவர்

பெயர்களுக்குத்தான் வயாஃப் இருக்கிறதே?

ஜூன் 6 – கேட்டலாக் மேசை

வயாஃப் என்பது தேசிய நூலகங்கள் அனுப்பும் அதாரிட்டி ரெக்கார்டுகளை ஒப்பிட்டுக் கொத்தாகச் சேர்க்கும் ஏற்பாடு. அது புதிதாக எதையும் எழுதுவதில்லை. யாரும் அனுப்பாத ஆசிரியர் அங்கே இல்லை. தவறாகச் சேர்ந்த கொத்தைத் திருத்த வேண்டுமென்றால் மூல ரெக்கார்டில் பிறந்த ஆண்டோ நூல் தலைப்போ சேர்க்க வேண்டும். அடுத்த ஒப்பீட்டில் கொத்து பிரியும்.

பகுப்பு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 1876-இல் வந்த டியூயி முறையில் ஆங்கில நாவலுக்கு 823, மூன்று இலக்கம். தமிழ் நாவலுக்கு 894.8113, ஏழு இலக்கம். 810-இலிருந்து 880 வரை அமெரிக்க, ஐரோப்பிய இலக்கியங்கள். மற்ற எல்லா மொழிகளும் 890-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு. ரங்கநாதனின் கோலன் முறையில் தமிழ் நாவல் ஓ31,3-இல் முடிந்துவிடும். முழுத் தமிழ்த் தொகுப்பும் 894.811-இல் குவியும் நூலகத்தில் முதுகு லேபிளில் எண் இரண்டு வரி போகும், அலமாரியில் அடுக்குபவர் கடைசி இலக்கத்தைத் தவறவிடுவார். உள்ளூர் மொழிக்கு முன்னிடமும் குறுகிய எண்ணும் தரும் மாற்று வழியை டியூயியே அனுமதிக்கிறது. எடுத்துக்கொண்டால் வாசகருக்கு நல்லது. ஆனால் வெளியிலிருந்து இறக்கும் ஒவ்வொரு தமிழ் ரெக்கார்டின் எண்ணையும் பிறகு கையால் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். 082-இல் வந்த எண்ணை அழிக்காமல் விட்டுவிட்டு, உங்கள் எண்ணை 092-இல் எழுதுங்கள்.

ஜூன் 8 – இதழ்ப் பிரிவு

புத்தகத்திலேயே இருக்கிறீர்கள். உலகமயம் நூலகத்தின் அடித்தளத்தை மாற்றியது இதழில்தான். அச்சு இதழை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்னிதழுக்குப் பணம் கட்டினால் கிடைப்பது ஒப்பந்தம் சொல்லும் உரிமை மட்டும். ஆகவே இதழ்ப் பிரிவு ஆள் இன்று பாதி வழக்கறிஞராக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. சந்தா நின்றபின் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் கிடைக்குமா. கிடைக்குமென்றால் எந்தத் தளத்தில், தனிக் கட்டணம் உண்டா. நூலகங்களுக்கிடையே இரவல் அனுமதி உண்டா. அச்செடுத்து அனுப்புவது மட்டுமா, மின்கோப்பாகவும் அனுப்பலாமா. நேரில் வந்து உட்காரும் வெளி வாசகருக்கு அனுமதி உண்டா. தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம். பதிப்பகத்தின் நாடு என்று அச்சடித்திருப்பார்கள், உங்கள் நாடு என்று மாற்றச் சொல்லுங்கள், மறுத்தால் அந்த வரியையே நீக்கச் சொல்லுங்கள். விலையை வெளியில் சொல்லக்கூடாது என்ற வரி இருந்தால் கட்டாயம் நீக்கக் கேளுங்கள். அதனால்தான் ஒரே தொகுப்புக்குப் பக்கத்து நூலகம் எவ்வளவு கொடுத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. தானாகப் புதுப்பிக்கும் வரி இருந்தால், நிறுத்துவதற்கான முன்னறிவிப்பு நாளை அன்றே நாட்காட்டியில் குறியுங்கள்.

மின்நூலில் இது இன்னும் வெளிப்படை. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் நூலக மின்நூலை 26 முறை இரவல் தந்ததும் உரிமம் முடியும் என்று அறிவித்தது. அச்சுப் புத்தகம் கிழிந்தால் தைக்கலாம். உரிமத்தைத் தைக்க முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் ஒரு பிரதி – ஒரு வாசகர் என்ற முறையில் மின்நூலை இரவல் தருவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றது. 2019-இல் அதே நீதிமன்றம் பழைய மின்நூலை மறுவிற்பனை செய்வது அச்சு நூலின் மறுவிற்பனைபோல் ஆகாது என்றது. நாட்டுக்கு நாடு இது மாறும். வேறொரு நாட்டு நூலகம் செய்கிறது என்பதால் நாமும் செய்யலாம் என்று இறங்கக்கூடாது.

ஜூன் 8, இரவு – இதழ்ப் பிரிவு

நடைமுறையில் அதிகம் வரும் புகார்: 'சந்தா கட்டியிருக்கிறோம், கட்டுரை திறக்கவில்லை.' முதலில் பதிப்பகத்துக்குக் கொடுத்த ஐபி (கணினி வலை) முகவரிப் பட்டியலைப் பாருங்கள். 10., 192.168., 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புக்கு உரியவை. அவற்றைக் கொடுத்தால் பயனில்லை. வெளியே தெரியும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனம் மாறினால் முகவரி மாறும். அன்றே எல்லாப் பதிப்பகங்களுக்கும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து வருபவருக்கு, நூலகத்தின் இடைநிலை சர்வரான பிராக்ஸி வழியாகச் சிக்கல் என்றால், பதிப்பகம் தளத்தை வேறு டொமைனுக்கு மாற்றியிருக்கும். பிராக்ஸி அமைப்பில் அந்தப் புதிய பெயரைச் சேர்த்தால் திறக்கும்.

பயன்பாட்டுக் கணக்குக்கு, பதிப்பகங்கள் ஒரே தரத்தில் தரும் கவுன்ட்டர் அறிக்கையில் இதழ்வாரி வேண்டுகோள் கணக்கான டிஆர்-ஜே1 எடுத்து, சந்தாத் தொகையை மொத்த வேண்டுகோள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கட்டுரைக்கு என்ன செலவு என்று தெரியும்.

ஜூன் 9 – இதழ்ப் பிரிவு

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். மொத்த வேண்டுகோளை எடுக்கக்கூடாது. தனித்த வேண்டுகோளை எடுக்க வேண்டும். ஒருவர் கட்டுரையைத் திரையில் திறந்துவிட்டு அதையே பிடிஎஃப் ஆகவும் இறக்கினால் மொத்தத்தில் இரண்டு, தனித்ததில் ஒன்று. திரையில் தானாகவே முழுக் கட்டுரையைத் திறக்கும் தளங்களின் எண் ஊதித் தெரிவது இதனால்தான். இன்னொன்று: ஜே4 அறிக்கையில் வெளியான ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பயன்பாட்டில் பெரும் பகுதி ஏற்கெனவே நிரந்தர உரிமை உள்ள பழைய ஆண்டுகளில் இருந்தால், சந்தாவை நிறுத்தினாலும் வாசகர் அதிகம் இழக்கமாட்டார். ஜே2 மறுக்கப்பட்ட வேண்டுகோள்களைக் காட்டும்; நம்மிடம் இல்லாத எந்த இதழைத் தேடி வாசகர் முட்டுகிறார் என்பது அதில்தான் தெரியும்.

நிறுத்தும் முன் கீப்பர்ஸ் பதிவேட்டில் அந்த இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் போட்டுப் பாருங்கள். லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பகங்களில் எந்தெந்தத் தொகுதிகள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று காட்டும். சிறு நாடுகளின், சிறு மொழிகளின் இதழ்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. பெரிய பதிப்பகத்தின் இதழ் எங்கும் பத்திரமாக இருக்கும். உள்ளூர் இதழை நாம் வைக்காவிட்டால் வேறு எவரும் வைக்கமாட்டார்கள்.

ஜூன் 11 – இரவல் பிரிவு

எல்லை தாண்டிய இரவல் பற்றி யாரும் எழுதவில்லை. கட்டுரை என்றால் ஸ்கேன். 300 டிபிஐ போதும், சிறிய அடிக்குறிப்பும் ஒற்றும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 400. தமிழில் புள்ளி தொலைந்தால் சொல்லே மாறிவிடும், ஆகவே அழுத்தச் சுருக்கத்தைக் குறைத்து வையுங்கள். புத்தகமே போகிறது என்றால் அனுப்பும் முன் அட்டை, முதுகு, ஏற்கெனவே கிழிந்த பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். சுங்கப் படிவத்தில் 'நூலக இரவல், தற்காலிகமாக அனுப்பப்படுகிறது, திரும்பி வரும்' என்று எழுதாவிட்டால் போகும்போது ஒரு வரி, திரும்பும்போது ஒரு வரி என்று கேட்பார்கள். புத்தகங்களுக்குச் சுங்கத் தீர்வையை விலக்கும் யுனெஸ்கோவின் 1950 புளோரன்ஸ் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்தால் அதைப் படிவத்தோடு குறிப்பிடலாம். கட்டணத்துக்கு நாணய மாற்று அலைச்சல் வேண்டாம் என்றுதான் 1995-இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவின் வவுச்சர் முறை வந்தது: வவுச்சரைக் கொடுத்து வாங்கு, வந்த வவுச்சரை அடுத்த இரவலுக்குச் செலவழி.

உலகமயத்தில் எனக்கு மனம் நிறையும் ஒன்று மராக்கேஷ் உடன்படிக்கை. 2013 ஜூன் 27-இல் நிறைவேறி 2016 செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் ஒரு நாட்டில் செய்த நூலை இன்னொரு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்கு, உரிமையாளரிடம் தனி அனுமதி கேட்காமல் அனுப்பலாம். ஆனால் கோப்பு சரியாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள். எழுத்துணரியில் ஓட்டி, பிழை பார்த்து, அத்தியாயத் தலைப்புகளுக்கு நிலை கொடுத்து, அச்சுப் பக்க எண்ணைக் குறித்து, படங்களுக்கு விளக்கம் எழுதி ஈபப் என்ற மின்நூல் வடிவில் ஆக்க வேண்டும். தமிழ் எழுத்துணரி பழைய அச்சில் தமிழ் எண் ௧-ஐ 'க' என்றும் ௨-ஐ 'உ' என்றும் படித்துவிடும். பக்க எண் முழுக்கக் குழம்பியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஜூன் 12 – கேள்வி கேட்டவர்

என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். 'ரெக்கார்டு வந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறேன். அந்த ரெக்கார்டை யாரோ எழுதினார்கள் என்பதை யோசிக்கவில்லை. நாம் எல்லோரும் இறக்க மட்டும் செய்தால் நம் மொழிப் புத்தகத்துக்கு யார் எழுதுவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பட்டியல் பிரிவு வேண்டாம் என்றதை விலக்கிக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: உலகத் தொகுப்புக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு நடுத்தர நூலகம் என்ன செய்ய வேண்டும்? உறுப்பினர் கட்டணம் கட்ட முடியாத நூலகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 13 – கேட்டலாக் மேசை

கட்டணம் இல்லாத வழி உண்டு. உங்கள் மென்பொருளில் ரெக்கார்டுகளை வெளியே பகிரும் ஓஏஐ-பிஎம்எச் வசதியைத் திறந்துவிடுங்கள். கோஹா, டிஸ்பேஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள்கள் இரண்டிலும் அது இருக்கிறது. மற்றவர்கள் உங்கள் ரெக்கார்டுகளைத் தானாக அறுவடை செய்துகொள்வார்கள். திறக்கும் முன் செய்ய வேண்டியவை: 008-இன் 35–37 இடங்களில் தமிழுக்கான மொழிக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் மொழிவாரித் தேடலில் உங்கள் தொகுப்பே தெரியாது. 15–17 இடங்களில் நாட்டுக் குறியீடு. இது மார்க்கின் தனிப் பட்டியல், இணைய முகவரியில் வரும் நாட்டுக் குறியீடு அல்ல. இலங்கைக்கு இன்றும் சிலோன் என்ற பழைய பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்தான். பிறகு 003-இல் உங்கள் நூலகத்தின் குறியீடு. இது இல்லாவிட்டால் உங்கள் 001 எண்ணும் (ரெக்கார்டின் அடையாள எண்) இன்னொரு நூலகத்தின் 001 எண்ணும் மோதி ஒன்று மற்றதை அழிக்கும். வாசகர் விவரமோ விலையோ உள்ள பிரதி ஃபீல்டுகளை (கோஹாவில் 952) வெளியே போகாமல் தடுத்துவிடுங்கள்.

ஆசிரியர் பெயருக்கு, யாரும் எழுதக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கிடேட்டா. பெயரைத் தமிழில் எழுதி, ரோமன் வடிவங்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து, பிறந்த ஆண்டு, வயாஃப் எண், ஐஎஸ்என்ஐ (படைப்பாளியின் சர்வதேச அடையாள) எண் கொடுத்தால் போதும். அங்கிருந்து மற்ற தொகுப்புகள் எடுத்துக்கொள்ளும். உங்கள் நூலகத்தில் மட்டும் இருக்கக்கூடிய புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள்: உள்ளூர்ச் சிறு வெளியீடு, விழா மலர், சங்க அறிக்கை. உலகெங்கும் விற்கும் நாவலுக்கு இன்னொரு ரெக்கார்டு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜூன் 14 – இதழ்ப் பிரிவு

அதோடு, வெளிநாட்டு சர்வரில் இருக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்துக்கு 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் என்ன ஆனது என்று பார்த்தோம். கேட்டலாக் மாதக்கணக்கில் இல்லை.

ஜூன் 14 – குறியாக்கம்

அந்த உதாரணம் நேர்மாறானது. அவர்களே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், மீட்பு தாமதமானதற்கு முக்கியக் காரணம் சொந்தக் கட்டடத்தில் ஓடிய பழைய அமைப்புகள் என்றுதான் எழுதினார்கள். சர்வர் எங்கே என்பதைவிட, தரவின் முழுப் பிரதி உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. மார்க் ஏற்றுமதி எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நூல் விவரம் மட்டும்தான் வரும். வாசகர், இரவல் நிலுவை, முன்பதிவு, ஆர்டர் வரலாறு தனி அட்டவணைகள். ஒப்பந்தத்தில் 'எல்லா அட்டவணைகளும், திறந்த வடிவில், கேட்ட 30 நாளுக்குள்' என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, 50 ரெக்கார்டைத் தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது.

ஜூன் 15 – இதழ்ப் பிரிவு

ஏற்றுக்கொள்கிறேன். என் வரி தவறு.

ஜூன் 17 – குறியாக்கம்

கேள்வி கேட்டவருக்கு ஒரு பின்குறிப்பு. ரெக்கார்டை ஏற்றும்போதே என்எஃப்சி ஓட்டச் சொன்னேன். 'ஸ்ரீ' என்ற எழுத்தை அது ஒன்றாக்காது. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ சேர்ந்த பிறகு, ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ, ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ என இரண்டு குறிமுறை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஊர்ப் பெயர், கோயில் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாவற்றிலும் வரும் எழுத்து இது. ரெக்கார்டில் இருப்பதை மாற்ற வேண்டாம். இன்டெக்ஸ் விதியில் இரண்டையும் ஒன்றாகக் கருதச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிட்டு, முழு இன்டெக்ஸையும் மறுபடி கட்டுங்கள். பிறகு இரண்டு குறிமுறையிலும் ஒவ்வொரு முறை தேடி, வரும் எண்ணிக்கை சமமா என்று பாருங்கள்.